பிள்ளைகள் தாங்களே கேம் செய்யக் கற்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

13 முதல் 18 வயது வரையுள்ள பிள்ளைகளோடு உட்கார்ந்து கேம் செய்து பழகியதில், பெற்றோரும் ஆசிரியர்களும் பிள்ளைகளும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகள் இவை. பதில்கள் என் அனுபவத்திலிருந்து வந்தவை, சில இடங்களில் மற்ற ஆசிரியர்கள் வேறு மாதிரி சொல்வார்கள்.

என் பையன் ஏற்கெனவே எந்நேரமும் கேம்தான். செய்யவும் கற்றுக்கொடுத்தால் இன்னும் மோசமாகிவிடாதா?

பெற்றோரிடமிருந்து முதலில் வரும் கேள்வி எப்போதும் இதுதான், பயம் நியாயமானதும்கூட. ஆனால் ஆடுவதும் செய்வதும் ஒரே திரையில் நடந்தாலும் மூளைக்கு வேறு வேறு வேலை. ஆடும்போது யாரோ போட்டு வைத்த பாதையில் போனால் போதும், செய்யும்போது அந்தப் பாதையைத் தானே போட வேண்டும். சில மாதம் செய்து பழகிய பிள்ளைகள் ஆடும் விதமே மாறுவதைப் பார்த்திருக்கிறேன். "இந்த இடத்தில் ஏன் பரிசுப் பெட்டி வைத்திருக்கிறார்கள், நான் போரடித்துப் போய் நிறுத்தப்போகும் நேரம் என்று தெரிந்துதானே" என்று கேட்க ஆரம்பிக்கிறார்கள். அந்தக் கேள்வி வந்துவிட்டால் பாதிக் கட்டுப்பாடு தானாகவே வந்துவிடும். ஆடும் நேரம் குறையும் என்று நான் வாக்குக் கொடுக்க மாட்டேன், அதற்கு வீட்டில் தனியாக ஒரு விதி வேண்டும். என் வகுப்பு 90 நிமிடம், அதில் பாதி நேரம் பேப்பரும் பென்சிலும்தான்.

எந்த வயதில் ஆரம்பிப்பது நல்லது? 16 ஆகிவிட்டதே, தாமதமா?

தாமதமே இல்லை. 16 வயதுப் பிள்ளைக்கு இயற்கணிதம் ஓரளவு வந்திருக்கும், டைப் செய்யத் தெரியும், ஒரு விஷயத்தில் ஒரு மணி நேரம் தொடர்ந்து உட்காரவும் முடியும். 10 வயதில் ஆரம்பித்தவர் 2 வருடத்தில் போன தூரத்தை 16 வயதுக்காரர் சில மாதங்களில் பிடித்துவிடுவார்.

எந்த மென்பொருளில் ஆரம்பிக்க வேண்டும்? ஆளாளுக்கு ஒன்று சொல்கிறார்கள்.

கோடிங் தொட்டதே இல்லை என்றால் ஸ்கிராட்ச். அமெரிக்காவின் எம்ஐடி மீடியா லேப் 2007-ல் வெளியிட்டது, இலவசம், பிரவுசரிலேயே ஓடும், கட்டளைகளை டைப் செய்யாமல் கட்டைகளை அடுக்குவது மாதிரி அடுக்கினால் போதும். 14 வயதுப் பிள்ளைகள் அதைத் திறந்ததும் வரும் பூனைப் படத்தைப் பார்த்ததும் "இது குழந்தைகளுக்கானது" என்று முகம் சுளிப்பார்கள். பூனையை அழித்துவிட்டு அவர்கள் வரைந்த படத்தைப் போடச் சொல்லுங்கள், சரியாகிவிடும். லூப் (திரும்பத் திரும்பச் செய்வது), கண்டிஷன் (இப்படி இருந்தால் இதைச் செய் என்பது), வேரியபிள் (ஸ்கோர் மாதிரி மாறும் மதிப்பு), மோதல் எல்லாம் அங்கே கண்ணெதிரே தெரியும். ஸ்கிராட்ச்சில் நான் 2 கேமுக்கு மேல் நிற்க விடுவதில்லை.

அப்புறம் இரண்டு வழி. எழுத்தில் கோட் எழுதிப் பழக வேண்டும், பள்ளியிலும் கல்லூரியிலும் உதவ வேண்டும் என்றால் பைத்தான் மொழியும், அதில் கேம் செய்ய உதவும் பைகேம் அல்லது பைகேம் ஜீரோ தொகுப்பும். கேம்தான் முக்கியம் என்றால் கேம் செய்வதற்கென்றே உள்ள கோடோ. 2014-லிருந்து திறந்த மூல மென்பொருள், முழுக்க இலவசம், இன்ஸ்டால் செய்யக்கூட வேண்டாம், ஃபைலை இறக்கி விரித்தால் ஓடும். அதன் ஜிடிஸ்கிரிப்ட் மொழி பார்க்கப் பைத்தான் மாதிரியே இருப்பதால் பின்னால் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போவது எளிது. அதே மாதிரி இன்னொரு மென்பொருளான யூனிட்டியும் நல்லதுதான், சி ஷார்ப் மொழி கற்கக் காரணமும் கிடைக்கும், ஆனால் முதல் வாரத்திலேயே அத்தனை பட்டன்களையும் பார்த்துப் பயந்து போனவர்களை எனக்குத் தெரியும். கேம் ஆடவும் செய்யவும் முடிகிற ரோப்லாக்ஸ் தளத்தில் செய்ய வேண்டும் என்று பிள்ளையே கேட்டால் தடுக்க மாட்டேன், அதில் எழுதுவது லுவா மொழியிலிருந்து வந்த லுவாவ், உண்மையான கோடிங்தான். ஆனால் அங்கே முன்பின் தெரியாதவர்களோடு பேசும் வசதியும் சேர்ந்தே வருகிறது, அந்த அமைப்புகளைப் பெற்றோர் கூட உட்கார்ந்து சரிபார்க்க வேண்டும்.

எதைத் தேர்ந்தெடுத்தாலும் ஒரு கேம் முடியும் வரை மாற்றாதீர்கள். வாரம் ஒரு மென்பொருள் என்று தாவும் பிள்ளைகள் எதையும் முடிப்பதில்லை.

முதல் நாளே "திறந்த உலகம், 100 பேர் ஆன்லைனில் ஆடணும்" என்கிறார்கள். எப்படிச் சமாளிப்பது?

சிரிக்காதீர்கள், "அதெல்லாம் முடியாது" என்றும் சொல்லாதீர்கள். அந்தக் கனவை முழுசாக ஒரு நோட்டில் எழுதி வைக்கச் சொல்லுங்கள். எழுதி முடித்ததும் ஒரே ஒரு கேள்வி: இந்த உலகத்தில் ஆடுபவர் அடிக்கடி செய்யப்போகும் காரியம் என்ன? குதிப்பதா, ஒளிவதா, பேரம் பேசுவதா? அந்த ஒரு காரியம், ஒரே ஒரு அறை, ஒரு நிமிடத்தில் ஜெயிக்கவோ தோற்கவோ முடிய வேண்டும். அதுதான் முதல் கேம். ஒரு பையன் டிராகன் ராஜ்ஜியம் என்று 6 பக்கம் எழுதி வந்தான், கடைசியில் அவன் முதலில் செய்தது தூங்கும் டிராகன் பக்கத்தில் சத்தம் போடாமல் நடந்து சாவியை எடுக்கும் கேம். நாலு வாரத்தில் முடித்தான். வேகமாக நடந்தால் டிராகன் விழித்துக்கொள்ளும், அவ்வளவுதான் விதி. வகுப்பில் எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஆடினார்கள்.

1972-ல் அட்டாரி நிறுவனம் வெளியிட்ட பாங் கேமே, ஆலன் ஆல்கார்ன் என்ற புதிய பொறியாளருக்குக் கொடுத்த பயிற்சி வேலைதான்: ஒரு பந்து, இரண்டு மட்டை, ஸ்கோர். அது நன்றாக வந்ததால் கடைக்கே போனது. இந்தக் கதையைப் பிள்ளைகளிடம் சொன்னால் சின்னதாகச் செய்வதில் இருக்கும் வெட்கம் போய்விடும்.

கோடிங் மட்டும் கற்றுக்கொடுத்தால் போதாதா? டிசைன் என்று தனியாக என்ன இருக்கிறது?

எனக்கு மிகப் பிடித்த கேள்வி, அதனால் பதில் நீளும். கோட் சரியாக ஓடும் கேம் எல்லாம் ஆட நன்றாக இருக்கும் என்றில்லை. என்ன விதி, ஆடுபவருக்கு என்ன தெரியும், என்ன தெரியாது, தோற்றால் யார் மேல் கோபம் வரும், இதெல்லாம் டிசைன். தோற்றதும் "என் தப்பு, இன்னொரு தடவை" என்று தோன்றினால் அது நல்ல கேம், "இது ஏமாத்துது" என்று தோன்றினால் எங்கேயோ சரிசெய்ய வேண்டும்.

பழைய கேம்களைப் பிரித்துப் பார்ப்பதுதான் இதற்கு நல்ல பாடம். 1985-ல் வந்த சூப்பர் மாரியோ பிரதர்ஸின் முதல் சில நொடிகளைப் பாருங்கள். திரையில் எந்த விளக்கமும் இல்லை. எதிரி ஒன்று மெதுவாக நடந்து வருகிறது, குதிக்காவிட்டால் ஒரு உயிர் போகும், போனாலும் கேம் ஆரம்பித்துச் சில நொடிதான் ஆகியிருக்கும், நஷ்டமில்லை. கேள்விக்குறி போட்ட கட்டி மின்னுகிறது, முட்டிப் பார்க்கத் தோன்றும். முட்டியதும் வரும் காளான் வலப்பக்கம் ஓடி, குழாயில் மோதித் திரும்பி நம்மிடமே வருகிறது. ஒரு வார்த்தை பேசாமல் மூன்று பாடம் முடிந்துவிட்டது. பாக்மேனில் (1980) நாலு பேய்க்கும் நாலு குணம். சிவப்புப் பேய் நேராகத் துரத்தும், இளஞ்சிவப்பு நாம் போகும் திசையில் 4 கட்டம் தள்ளிக் குறிவைக்கும், ஆரஞ்சு கிட்டே வந்ததும் பின்வாங்கித் தன் மூலைக்கே போகும். ஒவ்வொன்றும் சின்ன விதிதான், சேர்ந்தால் நம்மைச் சுற்றி வளைப்பது மாதிரி ஆகிவிடுகிறது. இதைச் சொன்ன மறுவாரம் எந்தப் பிள்ளையும் "எதிரி சும்மா இடவலமாக நடக்கும்" என்று எழுதி வருவதில்லை.

ஸ்பேஸ் இன்வேடர்ஸ் கதை இன்னும் அழகு. 1978-ல் டோமோஹிரோ நிஷிகாடோ அதைச் செய்தபோது, 55 எதிரிகளையும் வேகமாக நகர்த்த அந்தக் கருவிக்குச் சக்தி இல்லை. எதிரிகள் சாகச் சாக வேலை குறைந்து மிச்சமிருப்பவை வேகமாக நகர ஆரம்பித்தன. குறைதான், ஆனால் ஆட்டம் போகப் போகப் பரபரப்பாவதைப் பார்த்து அப்படியே விட்டுவிட்டார். எதிர்பாராமல் ஏதாவது நடந்தால் அழிப்பதற்கு முன் ஒரு தடவை ஆடிப் பார் என்று நான் சொல்வது இதை வைத்துத்தான்.

கம்ப்யூட்டரைத் தொடுவதற்கு முன் பேப்பரில் ஆடிப் பார்க்கச் சொல்லுங்கள். கட்டம் போட்ட தாள், பொத்தான்கள், ஒரு தாயக்கட்டை போதும். பேப்பரில் ஒரு விதியை மாற்ற 5 நொடி, கோடில் மாற்ற ஒரு மாலை நேரம் போய்விடும்.

என் பிள்ளைக்குக் கணக்கு வராது. கேம் கோடிங் வருமா?

வரும், கணக்கும் கூடவே கொஞ்சம் வரும். ஸ்கிராட்ச்சில் கேம் நடக்கும் மேடையில் இடவலமாக -240 முதல் 240 வரை, மேல்கீழாக -180 முதல் 180 வரை. வரைதாளில் புள்ளி வைக்கச் சொன்னால் கொட்டாவி விட்ட பிள்ளை, தன் விண்கலம் இடது மூலையில் தோன்ற வேண்டும் என்றதும் குறை எண்ணைத் தானே கேட்டு வாங்கிக்கொள்ளும். குதிப்பதை எடுத்துக்கொள்ளுங்கள். மேலே போகும் வேகம் 12 என்று ஆரம்பித்து, ஒவ்வொரு ஃபிரேமிலும், அதாவது திரை ஒவ்வொரு முறை புதிதாக வரையப்படும்போதும், அதிலிருந்து 1 கழியுங்கள். 12, 11, 10 என்று குறைந்து பூஜ்யமாகும், அதுதான் உச்சி, அப்புறம் குறை எண்ணாகி ஆள் கீழே விழுவான். புவியீர்ப்பு அவ்வளவுதான். 1-க்குப் பதிலாக 0.3 போட்டால் நிலாவில் குதிப்பது மாதிரி மிதப்பான். இதைப் பார்த்ததும் பிள்ளைகள் எண்களை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்ப்பார்கள், அரை மணி நேரம் யாரும் குறுக்கே போகாமல் இருப்பது நல்லது.

ஒரு எச்சரிக்கை: ஸ்கிராட்ச்சில் மேலே போனால் எண் கூடும், பைகேமிலும் கோடோவின் 2டி-யிலும் கீழே வந்தால்தான் கூடும். மாறும் நாளிலேயே இதைச் சொல்லிவிடுங்கள்.

எரர் வந்தால் உடனே "எனக்கு வரல" என்று மூடி வைத்துவிடுகிறாள். என்ன செய்வது?

முதல் விதி உங்களுக்கு: அவள் கீபோர்டைத் தொடாதீர்கள். நானும் ஆரம்பத்தில் இந்தத் தப்பைச் செய்தேன். "தள்ளு, நான் பார்க்கிறேன்" என்று 10 நொடியில் சரிசெய்து கொடுத்தேன், அந்தப் பெண் அடுத்த எரருக்குக் கையைத் தூக்கிவிட்டுக் காத்திருக்கப் பழகிவிட்டாள். அது என் தவறு. இப்போது கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு மூன்று கேள்வி மட்டும் கேட்கிறேன்: என்ன நடக்கும் என்று நினைத்தாய்? என்ன நடந்தது? கடைசியாக எதை மாற்றினாய்? பாதி நேரம் மூன்றாவது கேள்விக்குப் பதில் சொல்லும்போதே கண்டுபிடித்துவிடுவார்கள்.

எரர் மெசேஜை வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள், அதில் வரி எண் இருக்கும். அந்த வரியில் தப்பு தெரியவில்லை என்றால் அதற்கு மேல் வரியைப் பார்க்க வேண்டும், மூடாத அடைப்புக்குறி பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். மெசேஜே வராமல் கேம் மட்டும் தப்பாக நடந்தால் சந்தேகப்படும் வேரியபிளின் மதிப்பைத் திரையில் காட்டச் சொல்லுங்கள். வேகம் 5 என்று நினைத்துக்கொண்டிருப்போம், திரையில் 500 ஓடிக்கொண்டிருக்கும்.

எனக்கே கோடிங் தெரியாது. ஆசிரியராக நான் எப்படி நடத்துவது?

பிள்ளைகளை விட 2 வாரம் முன்னால் இருந்தால் போதும், ஆனால் அந்த 2 வாரத்தில் ஒரு சின்ன கேமை நீங்களே முழுசாக முடித்திருக்க வேண்டும். வீடியோ பார்த்துப் புரிந்துகொண்டதும் கையால் செய்து முடித்ததும் ஒன்றாகாது. தெரியாததைக் கேட்டால் "எனக்கும் தெரியல, வா தேடுவோம்" என்று அவர்கள் முன்னாலேயே தேடுங்கள். எப்படித் தேடுகிறீர்கள் என்பதே அன்றைய பாடம்.

ஏஐ-யிடம் கேட்டால் முழு கேமையும் எழுதிக் கொடுத்துவிடுகிறதே, எதற்குக் கஷ்டப்பட வேண்டும்?

எழுதிக் கொடுக்கும், உண்மைதான். ஆனால் அடுத்த நாள் "எதிரி கொஞ்சம் மெதுவாக வரட்டும்" என்று தோன்றினால் எந்த வரியில் கை வைப்பது என்று பிள்ளைக்குத் தெரியாது, மறுபடி கேட்கும், வேறு எங்கேயோ உடையும். என் வகுப்பில் முதல் கேம் முடியும் வரை ஏஐ கிடையாது. அதற்குப் பிறகு உண்டு, ஒரு நிபந்தனையோடு: உன் ஃபைலில் இருக்கும் எந்த வரியை நான் தொட்டாலும் அது என்ன செய்கிறது என்று பக்கத்தில் இருப்பவருக்கு நீ விளக்க வேண்டும். விளக்க முடியாத வரி அன்றைக்கே அழியும். "இந்த எரருக்கு என்ன அர்த்தம்" என்று கேட்பதை நான் ஊக்கப்படுத்துகிறேன், "எனக்கு ஒரு கேம் எழுதிக் கொடு" என்பதை இல்லை.

என் மகளுக்கு கேம் ஆடவே பிடிக்காது. இது அவளுக்கு ஒத்துவருமா?

அவளுக்கு எது பிடிக்கும் என்று கேளுங்கள். கதை பிடித்தால் டுவைன் என்று ஒரு இலவச மென்பொருள் இருக்கிறது, ஆடுபவர் தேர்வு செய்யச் செய்யக் கதை கிளைபிரியும், முதல் நாளே ஒன்று முடித்துவிடலாம், வேரியபிள் தேவைப்படும்போது அதையும் கற்கலாம். வரைவது, இசை, புதிர், எல்லாவற்றுக்கும் உள்ளே இடம் இருக்கிறது. 1980-ல் வந்த மிஸ்டரி ஹவுஸ் கேமுக்குக் கதையும் படமும் ராபர்ட்டா வில்லியம்ஸுடையது, கோட் எழுதியது கணவர் கென். 1982-ல் ரிவர் ரெய்டு கேமைக் கேரல் ஷா தனியாக எழுதினார், அதற்குக் கிடைத்த 4 கிலோபைட் இடத்தில் அவ்வளவு நீளமான ஆற்றைச் சேமிக்க முடியாது என்பதால் ஆற்றைக் கணக்குப் போட்டு உருவாக்கும் கோட் எழுதினார். "கேம் பையன்களுக்கு" என்று யாராவது சொன்னால் இந்த இரண்டு பெயரையும் பிள்ளையிடம் சொல்லுங்கள்.

துப்பாக்கி, சண்டை இல்லாமல் கேம் செய்ய மாட்டேன் என்கிறான்.

முதல் கேமுக்கு விடுங்கள். சுடுவது கோடிங்கில் எளிது, ஒரு பொருளைப் புதிதாக உருவாக்கு, நகர்த்து, மோதினால் அழி. இரண்டாவது கேமில் "எதையும் அழிக்காமல் ஜெயிக்க வேண்டும்" என்று ஒரு கட்டுப்பாடு வைக்கிறேன். முணுமுணுப்பார்கள், ஆனால் வகுப்பின் நல்ல யோசனைகள் அந்தக் கேம்களில்தான் வருகின்றன.

இணையத்தில் கிடைக்கும் படத்தையும் பாட்டையும் எடுத்துப் போடலாமா?

எடுத்துப் போடக் கூடாது, யாருடையது என்று தெரியாததைத் தொடவே வேண்டாம். சிசி0 உரிமத்தில் வெளியிட்டவற்றை யாரும் கேட்காமல் பயன்படுத்தலாம், கென்னி தளத்தில் ஆயிரக்கணக்கான கேம் படங்கள் அப்படிக் கிடைக்கின்றன. ஓப்பன்கேம்ஆர்ட் தளத்தில் ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு உரிமம், சிலவற்றுக்குப் பெயர் குறிப்பிட வேண்டும், படித்துவிட்டு எடுக்க வேண்டும். முதல் நாளிலிருந்தே எதை எங்கிருந்து எடுத்தோம் என்று ஒரு ஃபைலில் எழுதி வையுங்கள், கடைசியில் தேடினால் கிடைக்காது. உண்மையில் எனக்குப் பிடித்தது பிள்ளைகள் பேப்பரில் வரைந்து போட்டோ எடுத்ததும், வாயாலேயே "டுஷ்" என்று சொல்லிப் பதிவு செய்ததும்தான்.

தனியாகவா, குழுவாகவா?

முதல் கேம் தனியாக. அப்புறம் இரண்டு பேர். ஒருவர் டைப் செய்ய மற்றவர் பார்த்துச் சொல்ல வேண்டும், 15 நிமிடத்துக்கு ஒரு முறை இடம் மாறியே ஆக வேண்டும். ஐந்து பேர் குழு வைத்தால் ஒருவர் கோட் எழுதுவார், மற்ற நாலு பேரும் பெயர் வைப்பது பற்றிச் சண்டை போடுவார்கள்.

வீட்டில் பழைய லேப்டாப்தான். போதுமா?

2டி கேமுக்குத் தாராளமாகப் போதும். டெட்ரிஸ் கேமை உருவாக்கிய பாஜிட்னோவ் அதை முதலில் எழுதிய எலெக்ட்ரோனிகா 60 என்ற பழைய சோவியத் கணினியில் படமே வராது, எழுத்துக்குறிகளை வைத்துத்தான் கட்டிகளைக் காட்டினார். வேகம் பற்றி மட்டும் ஒன்று. ஒவ்வொரு ஃபிரேமுக்கும் 5 புள்ளி என்று நகர்த்தினால், நொடிக்கு 30 ஃபிரேம் ஓடும் லேப்டாப்பில் ஒரு வேகம், 60 ஓடுவதில் இரட்டை வேகம். அதனால் நொடிக்கு இவ்வளவு என்று வைத்து, போன ஃபிரேமிலிருந்து கடந்த நேரத்தால் பெருக்கும் பழக்கத்தை ஸ்கிராட்ச் தாண்டியதுமே கொண்டு வாருங்கள். போனில் மட்டும் கற்க முடியுமா என்றும் கேட்கிறார்கள், கீபோர்டு இல்லாமல் கோட் எழுதுவது ஆசையையே கெடுத்துவிடும் என்பது என் கருத்து.

கேம் முடிந்தது. அடுத்து?

யாரையாவது உட்கார வைத்து ஆடவிட்டு, செய்த பிள்ளை பின்னால் நின்று பார்க்க வேண்டும். வாயைத் திறக்கக் கூடாது. இது ரொம்பக் கஷ்டம், "அங்கே குதி, அங்கே குதி" என்று நாக்கு நுனிவரை வரும். ஆனால் இணையத்தில் யாரோ ஆடும்போது நாம் பக்கத்தில் நிற்கப்போவதில்லை. எங்கே திகைத்தார்கள், எங்கே சிரித்தார்கள், எங்கே போனை எடுத்தார்கள் என்று எழுதிக்கொள்ளட்டும். ஒரே இடத்தில் மூன்று பேர் செத்தால் மாற்ற வேண்டியது கேமை. பள்ளத்தில் விழுவது பற்றித்தான் நிறையப் புகார் வரும்: "நான் பட்டனை அமுக்கினேன், குதிக்கல." விளிம்பைத் தாண்டிச் சில ஃபிரேம் வரைக்கும் குதிக்க அனுமதித்தால் அந்தப் புகார் மறைந்துவிடும். பெரிய கேம்களிலும் இந்தச் சலுகை உண்டு.

வெளியிட ஸ்கிராட்ச் தளமும் இட்ச் ஐஓ தளமும் இருக்கின்றன. பிள்ளையின் முழுப்பெயர், பள்ளி, போன் எண், முகம் எதுவும் கேமிலோ பக்கத்திலோ வரக் கூடாது, ஒரு புனைபெயர் போதும். கணக்குத் தொடங்க வயது வரம்பு இருந்தால் பெற்றோர் கணக்கில் போடுங்கள்.

இதை வைத்து வேலை கிடைக்குமா?

கேம் துறையில் போட்டி அதிகம், வேலைநீக்கமும் அடிக்கடி நடக்கிறது, அதனால் 14 வயதுப் பிள்ளையிடம் அதைக் காட்டி ஆசை காட்ட மாட்டேன். முடித்த 3 கேம்களைக் காட்டக்கூடிய மாணவர், எந்தக் கணினிப் படிப்புக்குப் போனாலும் பேச விஷயம் உள்ளவராக இருப்பார்.

பாதியில் நிறுத்திவிட்டான். கட்டாயப்படுத்தலாமா?

கட்டாயப்படுத்தாதீர்கள், எங்கே நின்றது என்று மட்டும் பாருங்கள். பெரும்பாலும் கேம் பெரிதாகிவிட்டிருக்கும், 8 லெவல் என்று ஆரம்பித்து 2 முடிந்திருக்கும். மீதி 6-ஐ வெட்டிவிட்டு, இரண்டாவது லெவல் முடிவில் "ஜெயித்துவிட்டாய்" என்று ஒரு திரை போடச் சொல்லுங்கள், ஒரு மாலையில் முடியும் வேலை. அது முடிந்ததும் தம்பியையோ நண்பனையோ கூப்பிட்டு ஆடச் சொல்லுங்கள். அப்புறமும் வேண்டாம் என்றால் சரி, ஃபோல்டரை அழிக்காமல் ஒரு பிரதி எடுத்து வையுங்கள், 6 மாதம் கழித்துத் தேடி வந்தவர்கள் உண்டு.